அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போ

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மா போட்டோ அனுப்பியிருந்தாள். கன்னத்துப் பருவைவிட, அதற்கு நீ தடவிக்கொண்டிருக்கிற ட்யூப்தான் எனக்குக் கவலை. மெடிக்கல் ஷாப்பில் "பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கினாயாமே? அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். அப்படிக் கேட்டால் எந்த மாதிரி ட்யூப் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் சிவப்பு வடியும், முகம் வெளுத்த மாதிரி தெரியும், நல்லா கேட்குது என்று தோன்றும். போகப் போகத் தோல் மெலியும், வெயிலில் எரியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போல வெளியே தெரியும், பருவும் முன்னைவிடப் பொரியும். நிறுத்தினாலோ முகம் கொதிக்கும். அந்தக் கொதிப்புக்குப் பயந்தே பலர் மறுபடி அதையே தடவுகிறார்கள். இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு 'எச்' அட்டவணையில் சேர்த்தது. கடைகளில் நடப்பது உனக்கே தெரியும்.

அதனால் அந்த ட்யூபைத் தூக்கிப் போடாமல், கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போ. எத்தனை நாளாகப் போடுகிறாய் என்பதை மறைக்காதே. திட்டினால் திட்டட்டும். அதை எப்படி நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து, தோல் மருத்துவத்தில் எம்.டி.யோ டிப்ளமோவோ படித்தவராகப் பார். 'ஸ்கின் கேர்' என்று போர்டு வைத்த இடமெல்லாம் ஆஸ்பத்திரி ஆகாது. காசுக்கு யோசிக்கிறாயென்றால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ, தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். வரிசைதான் நீளம்.

முகத்தில் பவுடர் எதுவும் போடாமல் போ. நெற்றி, தாடை, முதுகு எல்லாம் பார்ப்பார். ஜிம்மில் புரோட்டீன் பவுடர் குடிக்கிறாயா, தலைக்கு என்ன தடவுகிறாய் என்று கேட்டாலும் சொல். நெற்றியில் பொடிப்பொடியாய் வருவதற்குத் தலையிலிருந்து வழிகிற எண்ணெயும் காரணமாகலாம். (பாட்டியிடம் இதைச் சொல்லிவிடாதே, என்னோடு சண்டைக்கு வருவார்.)

ஒன்று தெரிந்துகொள். மயிர்க்கால் துளையில் எண்ணெயும் செத்த தோலும் அடைத்துக்கொள்வதில்தான் பரு தொடங்குகிறது. மூக்கில் தெரியும் கறுப்புப் புள்ளி அழுக்கு இல்லை; அடைப்பின் மேல்முனை காற்றுப் பட்டுக் கறுத்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தோல்தான் புண்ணாகும். இன்று தெரிகிற பருவுக்கு உள்ளே பல வாரம் முன்பே அடைப்பு விழுந்திருக்கும். டாக்டர் தரும் மருந்து பெரும்பாலும் இனி வரப்போவதைத் தடுக்கத்தான். ஆகவே 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். நாலே நாளில் "கேட்கலை" என்று டாக்டரை மாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அடாபலீன் எழுதினால் ராத்திரி, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முழு முகத்துக்கும் தடவு. பருவின் மேல் மட்டும் வைக்காதே. ஆரம்பத்தில் தோல் உரியும்; ரொம்ப எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேள். பென்சாயில் பெராக்சைடு என்றால் வெள்ளைத் துண்டையே வைத்துக்கொள். அம்மாவின் பூப்போட்ட தலையணை உறையில் பட்டால் சாயம் போய்விடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கு, உடனே படுக்காதே, உணவுக்குழாய் புண்ணாகும். ஐசோட்ரெட்டினாயின் கடுமையான பருவுக்கான மாத்திரை. உதடு வெடிக்கும், ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். உனக்கு எழுதியதை அக்காவுக்குப் பங்கு வைக்காதே. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கக்கூடும்.

கிள்ளாமல் இரு. பரு ஆறிய இடத்துக் கறுப்பு, மாதக் கணக்கானாலும் மங்கும். பள்ளம் விழுந்தால் களிம்புக்கு அடங்காது, அதற்கு வேறு சிகிச்சை.

சீட்டில் என்ன எழுதினார் என்று புரியாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பு. டாக்டர் கையெழுத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு.

அன்புடன்,
மாமா