பிரேசிலிய ஜியு-ஜிட்சு: முதல் நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நாம் தமிழ்ப்பள்ளியிலேயே மனனம் செய்த பழமொழி. தற்காப்புக் கலையை நூல் வழி படிக்கிறேன் என்று சொன்னால், நண்பர்கள் இதைத்தான் முதலில் எடுத்து வீசுகிறார்கள். ஓரளவுக்கு அவர்கள் சொல்வது உண்மையே. மல்லாந்து கிடக்கும்போது மார்பின்மேல் அமர்ந்திருப்பவரின் எடை எப்படிப்பட்டது என்பதை எந்த நூலும் உணர்த்தாது.

ஆனாலும், வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே பயிற்சிக்குச் செல்லும் ஒரு மாணவருக்கு எஞ்சிய ஐந்து நாளும் மறதிக்குரியவை. அந்த இடைவெளியை நல்ல நூல் நிரப்பும். பொருந்தாத நூலோ குழப்பத்தையும் சில வேளைகளில் காயத்தையும் கொண்டு வரும்.

நான் இக்கலையைக் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என்னோடு சேர்ந்தவர்களில் பலர், குறிப்பாக உடல் சிறுத்தவர்களும் மாணவிகளும், ஓரிரு மாதங்களில் நின்றுவிட்டார்கள். துணிவு இல்லாமல் அவர்கள் நிற்கவில்லை. தரையில் தமக்கு என்ன நடக்கிறது என்பதே புரியாமல் நின்றார்கள். சிறியவர் பெரியவரைச் சமாளிக்கவென்றே செம்மைப்படுத்தப்பட்ட ஒரு கலையைச் சிறியவர்களே முதலில் கைவிடுவது வருத்தத்திற்குரியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

கலையின் வேர்

1882ஆம் ஆண்டு ஜப்பானில் கானோ ஜிகோரோ கோடோக்கான் ஜூடோ பள்ளியை நிறுவினார். அப்பள்ளியில் பயின்ற மயேடா மிட்சுயோ 1914இல் பிரேசில் சென்றடைந்தார். அவர் வழி வந்த கலையைக் கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி ஹெலியோ கிரேசியும் தரைப்போரை மையமாக வைத்து வளர்த்தார்கள். 1993 நவம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யுஎஃப்சி போட்டி நடந்தது. எடைப் பிரிவே இல்லாத அப்போட்டியில், ஹெலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். உலகம் இக்கலையைத் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

முதல் கேள்வி: நூல் எதிலிருந்து தொடங்குகிறது?

கடையில் நூலைக் கையில் எடுத்ததும் பொருளடக்கத்தைப் பாருங்கள். முதல் இயலிலேயே கைப்பூட்டும் கழுத்து நெரிப்பும் வந்தால், அது புதியவருக்கான நூல் அன்று. இக்கலையில் நிலை முதலில், பூட்டு பிறகு. எதிராளியைக் கட்டுக்குள் வைக்காமல் பூட்டுப் போட முயன்றால் அவர் எளிதில் நழுவிவிடுவார்.

அனைத்துலகச் சம்மேளனத்தின் புள்ளி விதிகளே இதற்குச் சான்று. எதிராளியைத் தரையில் வீழ்த்தினால் 2 புள்ளி. கீழே கிடந்தபடி கால்களால் அவரைத் தடுத்து வைக்கும் நிலைக்குக் ‘கார்ட்’ என்று பெயர். அங்கிருந்து அவரைப் புரட்டி மேலே வந்தால் 2 புள்ளி. வயிற்றின்மேல் முழங்காலை ஊன்றினாலும் 2 புள்ளி. எதிராளியின் கால்தடுப்பைக் கடந்து சென்றால் 3 புள்ளி. அவர்மேல் ஏறி அமரும் ‘மவுண்ட்’ நிலைக்கு 4 புள்ளி, முதுகைப் பிடித்தால் 4 புள்ளி. எதிராளி தப்புவதற்கு எந்த நிலை கடினமோ, அதற்கே புள்ளி அதிகம். இந்த ஏணியைத் தெளிவாகக் காட்டும் நூல் புதியவருக்குப் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

இரண்டாம் கேள்வி: தப்பிக்கக் கற்றுத் தருகிறதா?

முதல் ஆறு மாதங்களில் நாம் பெரும்பாலும் கீழேதான் கிடப்போம். எனவே மூச்சு விட இடம் அமைத்துக்கொள்வது, கையைக் கொடுத்துவிடாமல் காப்பது, ஆபத்து வருமுன் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகியவை நூலில் இருக்க வேண்டும். தட்டுவதை வெட்கமாக எண்ணக்கூடாது. கழுத்தின் இருபுறமும் உள்ள இரத்தக் குழாய்கள் அழுத்தப்பட்டால் சில விநாடிகளிலேயே நினைவு தப்பலாம். இதைச் சொல்லாமல் நெரிப்பு நுணுக்கங்களை மட்டும் அடுக்கும் நூலை வாங்க வேண்டாம்.

மூன்றாம் கேள்வி: காரணம் சொல்கிறதா?

இதற்கு நான் ஒரே ஒரு பக்கத்தைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொள்வேன். மவுண்ட் நிலையிலிருந்து தப்பும் ‘ஊப்பா’ என்ற நுணுக்கம் அது. மேலே அமர்ந்திருப்பவரின் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே பக்கத்துக் காலை நம் காலால் அடைக்க வேண்டும். பிறகு இடுப்பைப் பாலம்போல் உயர்த்தி, அடைத்த பக்கத்துத் தோளை நோக்கிப் புரள வேண்டும்.

ஏன் அதே பக்கம்? மேலே இருப்பவரை நான்கு கால் மேசையாக எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் எடுத்துவிட்டால் மேசை அந்தப் பக்கமே சாயும். ஒரு காலை மட்டும் எடுத்தால் மற்றது ஊன்றி நின்றுவிடும்.

‘கையைப் பிடி, புரள்’ என்று மட்டும் எழுதியிருக்கும் நூலை வைத்துவிடுங்கள். படங்களையும் கவனியுங்கள். அடைத்த கையும் காலும் ஒரே படத்தில் தெரிகின்றனவா? தொடக்கமும் முடிவும் மட்டும் இருந்து நடுப்பகுதி விடுபட்டிருந்தால், விடுபட்ட அந்த இடத்தில்தான் நாம் தடுமாறுவோம்.

இன்னொன்று, உடை. ‘கி’ எனும் தடித்த சட்டையின் கழுத்துப்பட்டையையும் கையையும் பிடித்துச் செய்யும் நுணுக்கங்கள் பல உள்ளன. உங்கள் பயிற்சிக்கூடத்தில் அச்சட்டை இல்லாமல் பயில்வதாக இருந்தால், அதற்கேற்ற நூலையே தேடுங்கள்.

மூன்று நூல்கள்

சாவ்லோ ரிபெய்ரோ, கெவின் ஹோவெலுடன் இணைந்து எழுதிய ‘ஜியு-ஜிட்சு யுனிவர்சிட்டி’ 2008இல் வெளிவந்தது. அது பட்டை நிறங்களைப் பாட வரிசையாகக் கொண்டுள்ளது. வெள்ளைக்குத் தாக்குப்பிடித்தல், நீலத்துக்குத் தப்பித்தல், ஊதாவுக்குக் கார்ட், பழுப்புக்குக் கார்டைக் கடத்தல், கறுப்புக்குப் பூட்டுகள். பூட்டுகள் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். என் கேள்விகள் மூன்றுக்கும் ஈடுகொடுக்கும் நூல் இது.

ரென்சோ கிரேசியும் ராய்லர் கிரேசியும் கிட் பெலிகுரோ, ஜான் டனஹர் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய ‘பிரேசிலியன் ஜியு-ஜிட்சு: தியரி அண்ட் டெக்னிக்’ 2001இல் வந்தது. வரலாறும் கோட்பாடும் நுணுக்கங்களும் ஒரே நூலில் வேண்டுவோருக்கு அது பொருந்தும். ரென்சோவும் டனஹரும் 2003இல் எழுதிய ‘மாஸ்டரிங் ஜுஜிட்சு’, சண்டையை எட்டி நிற்றல், கட்டிப்பிடித்தல், தரை என மூன்று கட்டங்களாகப் பிரித்து விளக்குகிறது. சிந்திக்க விரும்புவோருக்கு அது விருந்து. ஆயினும் அதை இரண்டாம் நூலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு நூல் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் முதலாவதைச் சொல்வேன். அதிலும் முதல் ஓராண்டுக்கு வெள்ளை, நீலப் பகுதிகளே போதும்.

படிக்கும் முறை

எங்கள் பயிற்றுநர் மலாயில் விளக்குகிறார். நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த நான், குறிப்பேட்டில் மட்டும் தமிழில் எழுதுகிறேன். ஆங்கில வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதினால், புரியாமலே பக்கம் நிறைந்துவிடும். தமிழில் எழுதும்போது எந்தக் கை, எந்தப் பக்கம், எதற்காக என்று ஒவ்வொன்றையும் நானே யோசித்துச் சொல் தேட வேண்டியுள்ளது. சொல் கிடைக்காத இடத்தில் பெரும்பாலும் நுணுக்கமும் எனக்குப் பிடிபட்டிருக்காது. அடுத்த வகுப்பில் பயிற்றுநரிடம் அதைத்தான் கேட்பேன். பூட்டு, புரட்டல், கிடுக்கிப்பிடி, நெரிப்பு எனப் பல சொற்கள் நம் மொழியில் முன்பே இருக்கின்றன. ‘கார்ட்’ என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் மனநிறைவான சொல் அமையவில்லை.

வாரத்திற்கு ஒரு நுணுக்கம் போதும். வகுப்புக்கு முன் படியுங்கள். வகுப்பில் துணைவரோடு மெதுவாகச் செய்து பாருங்கள். இரவில் மூன்று வரி எழுதுங்கள். ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல், விடுதி அறையில் நண்பரின் கழுத்தில் எதையும் முயல வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதல் மாதத்தில் யாரையும் வெல்ல வேண்டும் என்ற அவசியம் இல்லை. நேற்று மூச்சு முட்டிய அதே நிலையில் இன்று மூச்சு விட முடிந்தால், நீங்கள் முன்னேறிவிட்டீர்கள். அதை உங்களுக்குச் சொல்லித் தரும் நூலையே வாங்குங்கள்.