பத்து வருடம் ஒத்துக்கொண்ட சாயம்

கேள்வி: எனக்கு 54 வயது. பத்து வருடமாக ஒரே ஹேர் டைதான் போடுகிறேன். ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன மாதம் போட்ட மறுநாள் காதோரமும் நெற்றியும் அரித்தன. அதற்கடுத்த நாள் கண்ணைத் திறக்க முடியாதபடி முகம் வீங்கிவிட்டது. 'உனக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது, கஷாயம் குடி' என்கிறார் நாத்தனார். அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு. கம்பெனியை மாற்றிப் போடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா, எந்தக் கம்பெனியும் வேண்டாம். கஷாயமும் இதற்கு உதவாது. உங்கள் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. வேண்டாத இடத்தில் வேலை செய்கிறது.

நிரந்தரக் கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாராஃபினிலின்டையமின் இருக்கும். சுருக்கமாக பி.பி.டி. இது நிறமில்லாத, மிகச் சிறிய மூலக்கூறு. கூடவே தரும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து முடிக்குள் போய்க் கறுக்கிறது. தோலுக்குள்ளும் சுலபமாகப் போய்விடும். இவ்வளவு சின்னப் பொருளை நோய் எதிர்ப்பு மண்டலம் தனியாகக் கண்டுகொள்வதில்லை. அது நம் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் வம்பு. அங்கே காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களிடம் காட்டுகின்றன. அதற்கென்றே தயாராகும் டி செல்களில் ஒரு பகுதி, நினைவோடு உடம்பில் தங்கிவிடுகிறது.

இது முதல் தடவையிலும் நடக்கலாம், நூறாவது தடவையிலும் நடக்கலாம். நடக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. அதன்பின் சாயம் பட்டால், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அரிப்பும் வீக்கமும் வரும். உங்களுக்கு மறுநாள் ஆரம்பித்தது அதனால்தான். இந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

கம்பெனி மாறினாலும் உள்ளே இருப்பது அநேகமாக அதே பி.பி.டி.தான். 'அமோனியா இல்லாதது' என்ற விளம்பரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'ஹெர்பல்', 'ஹென்னா' என்று முன்பக்கம் இலைப்படம் போட்ட பாக்கெட்டையும் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். அசல் மருதாணி கறுப்பாகப் பிடிக்காது, செம்மையாகத்தான் பிடிக்கும். கல்யாண வீடுகளில் குழந்தைகள் கையில் போடும் 'கறுப்பு மருதாணி'யில் பல சமயம் பி.பி.டி. கலந்திருக்கும். அங்கே ஒவ்வாமை பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, பிற்காலத்தில் தலைச்சாயமும் ஆகாமல் போகலாம். வளைகாப்பில் யாரையும் அதைப் போட விடாதீர்கள்.

சாயம்தான் காரணமா என்பதை பேட்ச் டெஸ்ட் உறுதிசெய்யும். வீக்கம் முழுக்க வடிந்து, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருந்தால் அதையும் மருத்துவர் சொன்னபடி முடித்தபின் செய்ய வேண்டும். 1 சதவீத பி.பி.டி. கலந்த களிம்பை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள்; எடுத்துப் பார்த்துவிட்டு, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். வீட்டில் நீங்களே சாயத்தைத் தடவிச் சோதிக்க வேண்டாம். பி.பி.டி. ஒவ்வாதவர்களில் சிலருக்கு மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் மருந்தும், சில துணிச் சாயங்களும் சேராது. பல் மருத்துவரிடம் போனால் இதைச் சொல்லிவையுங்கள்.

நரையை மறைத்தே ஆக வேண்டுமென்றால், தோல் நன்றாக ஆறியபின் மருதாணி போட்டு அலசி, மேலே அவுரிப் பொடி போடலாம். அவுரிப் பொடியிலும் கலப்படம் உண்டு; மருத்துவர் பார்த்துச் சரி என்றபின் போடுங்கள். அடுத்த மாத விசேஷத்துக்கு நரையோடு நிற்பதே என் யோசனை.

மறுபடி வீங்கி, மூச்சு இறுகினாலோ நாக்கு தடித்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பழைய டை பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். அதில் அச்சிட்டிருக்கும் பட்டியல் அவருக்கு வேண்டும்.