பழைய வீட்டுக்குக் கலவை ஸ்லேட் போடலாமா?

கேள்வி: வேல்ஸில் நாங்கள் வாங்கிய வீடு 1890-களில் கட்டியது. கூரை ஸ்லேட்டுகள் சரிகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கலவை ஸ்லேட் போடச் சொல்கிறார் கூரை வேலைக்காரர். செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்லேட் சரிந்தால் கல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் துருப்பிடித்துப் போவது அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிதான். நல்ல வேல்ஸ் ஸ்லேட் நூறாண்டு தாண்டியும் உழைக்கும். சிலவற்றைக் கழற்றி, விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்றால் நல்ல கல். மந்தமாக ஒலித்தாலோ, ஏடு ஏடாக உரிந்தாலோ கழித்துவிடலாம். தேறியவற்றைச் செம்பு ஆணி கொண்டு மறுபடி அடிக்கலாம். குறைகிற இடத்துக்குப் பழைய ஸ்லேட்டே விலைக்குக் கிடைக்கும்.

கலவை ஸ்லேட், பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் கல்தூளும் சேர்ந்த அச்சு வார்ப்பு. எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் உங்கள் கைமரங்கள் கல்லின் பாரத்துக்கென்றே போடப்பட்டவை. அவை உளுத்திருந்தால் தவிர, எடை குறைவதில் பெரிய லாபமில்லை. அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடென்றால், அனுமதியின்றிக் கூரையின் தோற்றத்தை மாற்றுவது குற்றம். முதலில் உள்ளூர்க் கவுன்சிலில் கேளுங்கள். பட்டியலில் இல்லாத வீடென்றால், பின்னால் புதிதாகச் சேர்த்த அறை இருந்தால் அதற்குக் கலவை ஸ்லேட் தாராளமாகப் போடலாம்.