லாரியும் எரிபொருளும்

பண்டைநாளில் கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகர், உமணர் எனப்பட்டனர். அவர்கள் வண்டிகளை நிரை நிரையாகச் செலுத்திச் சென்ற செய்தியைச் சங்க நூல்களிற் பரக்கக் காணலாம். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிதல் கூடும் என்று கருதி, மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு சென்ற முன்னறிவு உடையவர் அவர். அவ்வண்டிகளை இழுத்தவை எருதுகள். எருதுக்கு வேண்டியவை வைக்கோலும் நீருமே; அது வழியில் விட்டுச் சென்றது சாணம். அச்சாணம் நிலத்துக்கு உரமாயிற்று.

இற்றைநாள் உமணரின் வண்டி லாரி. அது வழியில் விட்டுச் செல்வது புகை. அஃது எதற்கும் உரமாவதில்லை.

லாரி என்னும் சொல் தமிழன்று. சரக்குந்து என்றும், பாரவண்டி என்றும் தமிழில் எழுதுவர். எனினும் நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடும் அவ்வூர்தியை, அவ்வூர் மக்கள் லாரி என்றே அழைக்கின்றனர். சோறு உண்பவர் இட்ட பெயரை மாற்ற யான் விரும்பவில்லை. நம் நாட்டில் இடம்பெயரும் சரக்கில் பத்தில் ஏழு பங்கு, சாலை வழியாகவே செல்கின்றது. மாணவர்களே, இன்று காலை நீங்கள் உண்ட உணவில் உப்பு, பருப்பு, எண்ணெய் என எதை எடுத்துக்கொண்டாலும், அது லாரியில் ஏறாமல் உங்கள் இல்லத்தை அடைந்திராது.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது இரண்டு லாரிகளுக்கு உடைமையாளர். சேலத்து ஜவ்வரிசியை மராட்டிய நாட்டுக்கு ஏற்றிச் செல்வார். திரும்புங்கால் நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி வருவார். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை என் இல்லத்துக்கு வந்து, “ஐயா, பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். டீசல் வண்டி வாங்குவதா, கேஸ் வண்டி வாங்குவதா, மின்சார வண்டி வரும் வரையிற் பொறுப்பதா என்று தெரியவில்லை. தாங்கள் நாலும் படிக்கிறவர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். புணர்ச்சி விதியில் ஐயம் கேட்டிருந்தால் நொடியில் விடை கூறியிருப்பேன். “தம்பி, ஒரு மாதம் தவணை கொடு” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு மாதத்திற் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில் டீசல் என்பது யாது? அஃது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், 1892ஆம் ஆண்டில் ஒரு புதுவகை எந்திரத்துக்கு உரிமை வேண்டினார். 1897ஆம் ஆண்டில் ஔக்ஸ்பர்க் நகரில் அஃது இனிது இயங்கியது. பெட்ரோல் எந்திரத்தில் தீப்பொறி வைத்து எரிபொருளைக் கொளுத்துவர். டீசலின் எந்திரத்தில் தீப்பொறியே இல்லை. காற்றை உருளையினுள் அடைத்துப் பதினாறு பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குவர். நெருக்குண்ட காற்று கொதிப்பேறும். அதனுள் எண்ணெயைத் தூவியவுடன் அது தானே பற்றி எரியும். மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்பொழுது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டு அறிந்திருப்பீர்கள். அதுவே இதன் அடிப்படை. இம்முறையில் குறைந்த எண்ணெய் மிகுந்த வேலையைச் செய்யும். ஆதலின் உலகின் பாரமெல்லாம் இவ்வெந்திரத்தின் தோளில் ஏறிற்று.

ஈண்டு வியத்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. 1900ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடந்த பொருட்காட்சியில், இவ்வகை எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பெற்றது. கடலை மிகுதியாக விளையும் நாடுகளில் அவ்வெண்ணெயே எரிபொருளாகுமா என்று அறியப் பிரெஞ்சு அரசினர் விரும்பினர் என்பர். ஆக, இற்றைநாள் நாம் புதிதென்று பேசும் தாவர எரிபொருள், இவ்வெந்திரத்தின் இளமையிலேயே அதனோடு பழகியதாகும். மண்ணெண்ணெயும் டீசலும் மலிவாகக் கிடைத்தமையால் கடலையெண்ணெய் தாளிப்புக்கே திரும்பிற்று.

இனிப் புகையைக் காண்போம். எண்ணெயைத் தூவி எரிப்பதால், ஒவ்வொரு துளியின் நடுவிலும் காற்றுப் போதாமல் கரி எஞ்சுகின்றது. அக்கரித்துகள் மிக நுண்ணியது. மூக்கின் மயிரிலும் தொண்டையின் ஈரத்திலும் சிக்காது நுரையீரலின் அடிவரையிற் செல்ல வல்லது. அன்றியும், கொதிப்பு மிகுதியால் காற்றிலுள்ள நைட்ரசனும் உயிர்வளியும் கூடி, மூச்சுக்குழலை அரிக்கும் வாயுக்களாகின்றன. டீசல் புகை புற்றுநோயை விளைப்பது என்று, உலக நல்வாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012ஆம் ஆண்டில் ஐயமின்றி வகைப்படுத்தியது. அப்புகையை முதலில் உண்பவர் யாவர்? ஓட்டுநரும், அவர் அருகிருக்கும் கிளீனரும், சுங்கச்சாவடியில் நிற்பவரும், சாலையோரத்தில் இளநீர் வெட்டுபவருமே ஆவர்.

மூன்றாவது ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுடையது. அதனை எரித்தால் வெளிப்படும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.6 கிலோ. குறைந்த பொருளிலிருந்து மிகுந்த எடை வருவது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம். எண்ணெயிலுள்ள கரி, காற்றிலிருந்து உயிர்வளியை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்வதே காரணம். சென்னையிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், ஒருமுறை செல்ல 550 லிட்டர் வேண்டும். வெளிப்படும் கரியமில வாயு எவ்வளவு என்பதை நீங்களே பெருக்கிக் காண்க. உலகின் வெப்பத்தை உயர்த்துவது அதுவே.

இவற்றைக் குறைக்கும் வழி எந்திரத்தில் மட்டும் இல்லை, எண்ணெயிலும் உண்டு. இதனை உணர்த்துவது கந்தகத்தின் வரலாறு. நிலத்தடி எண்ணெயில் இயல்பாகவே கந்தகம் கலந்துள்ளது. புகையை வடிக்கும் கருவிகளை லாரியில் பொருத்தினாலும், கந்தகம் அக்கருவிகளைக் கெடுத்துவிடும். ஆதலின் கந்தகத்தை நீக்கினாலன்றிப் புகையை வடித்தல் இயலாது. 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 10,000 பங்கு வரையில் கந்தகம் இருக்க இசைவு இருந்தது. அது படிப்படியாகக் குறைக்கப்பெற்று, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் 50 பங்காயிற்று. அதற்கடுத்த படி ஐந்தாம் பாரத் தரம். 2016ஆம் ஆண்டு சனவரியில் அரசினர், அப்படியைத் தாண்டி நேரே ஆறாம் தரத்துக்குச் செல்வது என்று முடிவு செய்தனர். எண்ணெய் ஆலைகள் பெரும்பொருள் செலவிட்டுப் புதுக்கப்பெற்றன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு, நாடெங்கும் விற்கப்பெறும் டீசலில் கந்தகம் 10 பங்கே. பதினாயிரம் எங்கே, பத்து எங்கே!

இம்மாற்றம் தானே வந்ததன்று. தில்லி மாநகரின் காற்றைக் குறித்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1998ஆம் ஆண்டு சூலையில், அந்நகரப் பேருந்துகள் யாவும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. எரிவாயு நிலையங்கள் போதாமையால், ஓட்டுநர் இரவு முழுதும் வரிசையில் காத்துக் கிடந்தனர். பயணிகளும் பெரிதும் அல்லலுற்றனர். எனினும் 2002ஆம் ஆண்டு முடிவதற்குள் டீசற் பேருந்துகள் அந்நகரச் சாலைகளை நீங்கின. லாரிகள் நீங்கவில்லை. தில்லியைக் கடந்து பிற ஊர்களுக்குச் செல்லும் லாரிகள் இரவில் நகரத்தின் ஊடே ஓடின. 2015ஆம் ஆண்டில் அவற்றின்மீது தனிக் கட்டணம் விதிக்கவும் நீதிமன்றமே முன்வர நேர்ந்தது.

ஆறாம் தரத்து லாரியில் இரண்டு காவலர் உளர். ஒருவர் கரித்துகளைப் பிடித்து வைத்து அவ்வப்போது எரித்துவிடும் வடிகட்டி. மற்றொருவர் யூரியா நீர். நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு யூரியாவும், எஞ்சியது தூய நீரும் கலந்த கலவை அது. சூடான புகையில் அதனைத் தெளித்தால், தீய நைட்ரசன் வாயுக்கள் கேடற்ற நைட்ரசனாகவும் நீராவியாகவும் பிரிந்துவிடும். பயிருக்கு இடும் யூரியாவைக் கிணற்று நீரிற் கரைத்து ஊற்றினால் ஆகாதா என்று சிக்கனம் கருதுவாரும் உளர். அதிலுள்ள அழுக்கும் உப்பும் கருவியை அடைத்துவிடும். பின்னர்ச் செப்பனிட ஆகும் செலவு, மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். இன்னும் சிலர், யூரியா இல்லாமலே ஓடும்படி மின்னணுக் கருவியை ஏமாற்றிவிடுகின்றனர். இவர் ஏமாற்றுவது கருவியை அன்று.

அடுத்து இயற்கை எரிவாயு. இதில் கரித்துகள் மிகக் குறைவு. கரியமில வாயுவும் டீசலைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயின் அழுத்திய வாயுவைச் சுமக்கக் கனத்த உருளைகள் வேண்டும். நெடுந்தொலைவு செல்லும் லாரிக்கு அவை போதா. ஆதலின் அவ்வாயுவைச் சுழிக்குக் கீழே 162 பாகை வரையிற் குளிர்வித்து நீர்மமாக்குகின்றனர். அப்பொழுது அது அறுநூற்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். எண்ணூரில் 2019ஆம் ஆண்டு முதல் கப்பலில் வரும் நீர்ம வாயுவை இறக்கும் நிலையம் உள்ளது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் தங்க நாற்கரச் சாலை நெடுகிலும் 50 நீர்ம வாயு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. குறையும் ஒன்று உண்டு. எரியாது கசியும் மீத்தேன், வெப்பத்தை உயர்த்துவதில் கரியமில வாயுவினும் பன்மடங்கு கொடியது. குழாயிலும் எந்திரத்திலும் கசிவு மிகுமாயின் பெற்ற நலம் கரைந்துவிடும்.

தாவர எண்ணெயைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பம் மிகுதி; ஏனெனில் புங்கமரம் நம் ஊர்ச் சாலையோரத்து மரம். புங்கெண்ணெய் முதலியவற்றோடு மெத்தனால் சேர்த்து வினைப்படுத்தினால், கிளிசரின் பிரிந்து உயிரி டீசல் கிடைக்கும். அதில் உயிர்வளி கலந்திருப்பதால் புகைக்கரி குறையும். அன்றியும், அது வெளிவிடும் கரியமில வாயு, செடி வளரும்பொழுது காற்றிலிருந்து பெற்றதே. 2003ஆம் ஆண்டில் நம் நாட்டில் காட்டாமணக்கைப் பற்றிப் பெருந்திட்டம் வகுத்தனர். சில ஆண்டுகளில் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு அவ்வெண்ணெயே கலக்கும் என்றனர். தரிசில் நட்டால் தானே காய்க்கும் என்று நம்பி நட்ட உழவர் ஏமாந்தனர். நீரும் உரமும் பெறாத செடி உயிரோடு நின்றதேயன்றிக் காய்க்கவில்லை. 2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருட் கொள்கை, 2030ஆம் ஆண்டுக்குள் ஐந்து விழுக்காடு கலப்பதையே இலக்காகக் கொண்டது. உணவகங்களில் பலமுறை பொரித்து எஞ்சிய எண்ணெயைத் திரட்டி இதற்குப் பயன்படுத்தும் முயற்சியும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. அவ்வெண்ணெய் மறுபடியும் வடைச்சட்டிக்குப் போவதினும் லாரிக்குப் போவது நன்று.

மின்சார லாரி, ஐட்ரசன் லாரி ஆகியவற்றை விரித்துரைக்கும் காலம் இன்னும் வரவில்லை. துறைமுகம், சிமெண்டு ஆலை போலக் குறுந்தொலைவு சென்று மீளும் இடங்களில் மின்லாரி இப்பொழுதே பயன்படும். நம் நாட்டு மின்னாற்றலில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், சாலையில் இல்லாத புகை வேறோரிடத்தில் எழும் என்பதும் நினைவிற்குரியது.

தவணை முடிந்ததும் மாணவர் வந்தார். நான் கூறியவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்டார். பின்பு, “எல்லாம் சரி ஐயா. ஆனால் நான் போகும் தடத்தில் நீர்ம வாயு பங்க் எத்தனை இருக்கிறது? ஒன்று மூடிக் கிடந்தால் வெங்காயம் அழுகிவிடுமே” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவர் ஆறாம் தரத்து டீசல் லாரியே வாங்கினார். அடைத்து முடியாத தவணை இன்னும் நான்கு ஆண்டுக்கு உண்டு. யூரியா நீரை மட்டும் தவறாமல் ஊற்றுவதாக என்னிடம் கூறுகின்றார், நம்புகின்றேன்.

பழைய லாரியைச் செங்கற் சூளைக்காரர் ஒருவர் வாங்கிச் சென்றார். மராட்டிய நாடு வரையில் ஓடிய அது, இப்பொழுது எங்கள் ஊருக்குள்ளேயே செங்கல் ஏற்றி ஓடுகின்றது. மாலையில் பள்ளி விடும் வேளையில் அது கடைத்தெருவில் வரும். பிள்ளைகள் பாவாடைத் தலைப்பாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள்.