நயினாதீவா, நெடுந்தீவா?

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் பலர் ஒரே பகலில் தீவுகள் அத்தனையையும் பார்த்துவிட நினைக்கிறார்கள். வேலணையும் புங்குடுதீவும் தீவுகள்தான். ஆனால் கடல்மேல் போட்ட பாதையில் பஸ்ஸிலேயே போய்விடலாம். படகேற வேண்டிய தீவுகளில் ஒரு பகலுக்கு ஒன்று போதும் என்பது என் கட்சி.

நயினாதீவு, நெடுந்தீவு இரண்டுக்குமே புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில்தான் படகு. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். நயினாதீவுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது, படகும் அடிக்கடி உண்டு. வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள். நாகபூஷணி அம்மன் கோயிலும், புத்தர் வந்து போனதாக மகாவம்சம் சொல்லும் நாகதீப விகாரையும் நடைதூரத்தில் இருக்கின்றன. மதியம் கோயிலின் அன்னதான மண்டபத்தில் சாப்பிடலாம். அதன் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று நம்புகிறவர்கள் வைத்த பெயர். ஆனித் திருவிழா நாட்களில் மட்டும் படகுக்கு வரிசையில் நிற்கத் தயாராக வாருங்கள்.

நெடுந்தீவு வேறு கதை. ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். படகின் கூரையில் சைக்கிளும் சீமெந்து மூட்டையும், கீழே டீசல் புகையும் வெக்கையும். தலைசுற்றுகிறவர்கள் உள்ளே இறங்காமல் வாசலோரம் இடம்பிடிப்பது நல்லது. சோளகம் அடிக்கிற மாதங்களில் அலை படகைத் தூக்கிப்போடும். மாசி, பங்குனியில் கடல் சாதுவாக இருக்கும்.

மாவிலித்துறையில் இறங்கியதும், 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபியைப் பாருங்கள். பிறகு ஒரு ஓட்டோ பிடியுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள். நடந்து முடிகிற தீவல்ல இது. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பருத்த பெருக்கமரம் என்று எல்லோரும் காட்டும் இடங்கள் இருக்கட்டும். எனக்குப் பிடித்தவை வேலிகள்தான். சாந்து ஒரு கரண்டிகூட இல்லாமல், முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய மதில்கள். கல்லில் பவளத்தின் பூவரி அப்படியே தெரியும்; இடுக்கு வழியே அடுத்த வளவு ஆடு எட்டிப் பார்க்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை தெற்கு வெளியில் கட்டாக்காலியாக மேய்கின்றன. கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாட்டைப் பார்த்தவர்கள் அவற்றைத் துரத்திப் படம் எடுக்க மாட்டார்கள்.

தனிப்படகு பிடித்து இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று துறையில் சொல்வார்கள். முடியும்தான். காசும் கூட, பார்ப்பதும் அரைகுறை. நெடுந்தீவுக் குதிரைகளைத் தேடிப் போகும் நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

காட்சி எதுவும் வேண்டாம், பனையும் மீன்வலையும் போதும் என்பவர்களுக்கு அனலைதீவும் எழுவைதீவும் இருக்கின்றன. அவற்றுக்குப் படகு ஊர்காவற்றுறையிலிருந்து. சாப்பாட்டுக் கடையை நம்பாமல் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள்.

எந்தத் தீவானாலும் திரும்பும் படகின் நேரத்தை, போகும்போதே படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுந்தீவில் பின்னேரப் படகை விட்டால் இரவு அங்கேதான்.