கோபுரம் சிதையாமல் வானத்தை மாற்ற

ஜார்ஜ்டவுன் குவீன் வீதியில் 1833இல் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் ஆலயத்தின் கோபுரத்தில் சுதைச் சிற்பங்கள் நெருங்கி நிற்பதால், அதன் பின்னுள்ள வெளிறிய வானத்தை ஃபோட்டோஷாப்பில் மாற்றுவது மிகுந்த பொறுமையைக் கோரும் பணியாகும். அப்பணியில் தூரிகை எதையும் தீட்ட மறுக்குமாயின், படத்தின் வேறொரு மூலையில் பழைய தெரிவு, அதாவது திருத்தம் செல்லுபடியாகும் எல்லை, எஞ்சியிருப்பதே பெரும்பாலும் காரணம். அதன் கோடு கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கக்கூடுமாதலால், கண்ட்ரோல், டி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி அதனை நீக்கிவிட வேண்டும்.

பழைய வானத்தை மறைக்கப் பயன்படும் மாஸ்க் என்பது லேயரோடு, அதாவது படத்தின் அடுக்கோடு, இணைந்த கறுப்பு வெள்ளைப் படலம். அதில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் நிறம் அரைகுறையாகப் புலப்படுத்தும். தீட்டிய கறுப்பு படத்தின் மீதே படிந்தால், லேயர் பட்டியலில் படத்துக்குப் பதிலாக மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கித் தொடர வேண்டும். ஆல்ட் விசையை அழுத்தியபடி அதனைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் விரிய, சிற்பங்களுக்கிடையே விடுபட்ட சாம்பல் திட்டுகள் தெளிவாகத் தெரியும். சிற்பங்களின் ஓரத்தில் வெண்கோடு தங்கினால் விளிம்பை ஓரிரு பிக்சல் உள்நோக்கிச் சுருக்குவதே போதும். அளவுமீறி மென்மையாக்கினால் விரல்களும் ஆயுதங்களும் கரைந்துபோகும், அத்தகைய கோபுரத்துக்கு அது சற்றும் தகாது. அழிப்பானால் நீக்கிய பகுதி, கோப்பைச் சேமித்து மூடியபின் மீளாது. மாஸ்க்கால் மறைத்ததோ, கோப்பு பிஎஸ்டி வடிவில் இருக்கும்வரை, வெள்ளை தீட்டியவுடன் திரும்பிவிடும்.