வாங்குவதெல்லாம் நன்கொடை ஆகுமா? நற்பணி விற்பனை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமைப்பின் பெயரும் சின்னமும் அச்சிட்ட டி-ஷர்ட், துணிப்பை, காலண்டர், சாவிக்கொத்து போன்றவற்றை விற்று நற்பணிக்கு நிதி சேர்ப்பது சென்னையில் பழகிப்போன வழக்கம். மார்கழியில் மயிலாப்பூர் சபா வாசல்களிலும், ஆண்டு விழாவின்போது அடையாறு பள்ளி மைதானங்களிலும், நவராத்திரி நாட்களில் தியாகராய நகர்க் கண்காட்சிகளிலும் இந்த மேசைகளைப் பார்க்கலாம். வாங்குகிறவர்கள் நல்ல மனதோடு வாங்குகிறார்கள். அந்த நல்ல மனதாலேயே யாரும் கணக்குக் கேட்பதில்லை. தவறான சில எண்ணங்களும் அப்படியே தங்கிவிடுகின்றன.

கொடுக்கும் விலை முழுவதும் நற்பணிக்குப் போகிறது என்பது முதல் நம்பிக்கை. போவது செலவு கழித்த மிச்சம் மட்டுமே. ஓர் அறக்கட்டளை 200 டி-ஷர்ட் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி, அச்சு, வரி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 190 ரூபாய் செலவு; விற்கும் விலை 350 ரூபாய். முதலீடு 38,000 ரூபாய். 109ஆவது சட்டை விற்ற பிறகுதான் கைமுதல் திரும்புகிறது. அதுவரை நற்பணிக்கு ஒரு ரூபாயும் சேரவில்லை. 140 சட்டை விற்றால் வரவு 49,000, மிச்சம் 11,000. அதாவது 350 ரூபாய் கொடுத்த ஒருவரின் பணத்தில் ஏறத்தாழ 79 ரூபாய்தான் நோக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி 60 சட்டைகள், பெரும்பாலும் யாருக்கும் பொருந்தாத அளவுகள், அலுவலக அலமாரியில் தங்கிவிடும்.

நிறைய அடித்தால் மலிவு என்ற எண்ணமே இந்தத் தேக்கத்துக்கு வழி விடுகிறது. அது பாதி உண்மை. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் போட வேண்டும். 50 சட்டையானாலும் 500 ஆனாலும் அந்தச் செலவு ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை குறையும். ஆனால் விற்காத சட்டை எவ்வளவு மலிவாக வந்திருந்தாலும் நஷ்டம்தான். முதலில் அளவையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு அச்சுக்குக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. ஒரே நிறத்தில் சின்னத்தை வடிவமைத்தால் சின்ன ஆர்டரும் கட்டுபடியாகும்.

அதிகம் குழப்புவது வரிக்கழிவு. பதிவு பெற்ற அமைப்பிடம் எதை வாங்கினாலும் வருமான வரியில் 80ஜி பிரிவின் கழிவு கிடைக்கும் எனப் பலர் நம்புகிறார்கள். கழிவு நன்கொடைக்கு மட்டுமே. பொருளுக்குக் கொடுத்த விலைக்கு இல்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் 2017இல் இந்தப் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்டது. அதன் திருப்பணிக்குத் தரும் நன்கொடைக்கு அது பொருந்தும். பிரசாதக் கடையில் வாங்கியதற்குப் பொருந்தாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கும், புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இந்தக் கழிவு இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்தான் மாறியது, கொள்கை மாறவில்லை.

விலைக்கும் நன்கொடைக்கும் இடையிலான கோட்டை அமெரிக்காவில் இன்னும் வெளிப்படையாகப் போடுகிறார்கள். அங்கே யூதத் தொழுகைக்கூடமோ பள்ளியோ நிதி திரட்டும் விற்பனையில் 75 டாலருக்கு மேல் வாங்கினால், அதில் பொருளின் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் தர வேண்டும். அந்த மதிப்பைக் கழித்த பாக்கிதான் நன்கொடை.

அறக்கட்டளை விற்றால் ஜிஎஸ்டி கிடையாது என்பதும் சரியல்ல. வழிபாட்டுத் தலம் தரும் பிரசாதத்துக்கு வரி விலக்கு உண்டு. அதே இடத்தில் விற்கும் டி-ஷர்ட்டுக்கு அந்த விலக்கு இல்லை. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வரிக்குரிய சேவையும் அளித்தால் வரம்பு 20 லட்சம். அரங்கை வாடகைக்கு விடும் சபாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெங்களூருவில் இருக்கும் பழைய மாணவருக்கு ஒரு சட்டையை விற்றுக் கூரியரில் அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. குறிப்பிட்ட கைவினைப் பொருட்கள் நீங்கலாக, அதற்குத் தொகை வரம்பே இல்லாமல் பதிவு தேவைப்படும். வருமான வரியிலும் விற்பனைக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி போன்றவை அல்லாத பொதுநல நோக்கமுள்ள அமைப்புகளுக்கு, வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

நற்பணி போலத் தோன்றும் விற்பனை எல்லாம் நற்பணி நிதி அல்ல. வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களின் வாழ்த்து அட்டைகள் தபாலில் வரும். 1950களில் லீக்டன்ஸ்டைனில் உருவான அவர்களின் சங்கம் ஓவியர்களுக்கே சொந்தமானது. தங்களுடையது தர்மம் அல்ல, சுய உதவி என்று அவர்களே வலியுறுத்துகிறார்கள். அதை மதித்து, படம் பிடித்திருந்தால் வாங்குவதே சரி. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் புத்தக விற்பனை வேறு வகை. நூல் வெளியீடே மடத்தின் பணிகளில் ஒன்று. 1930களின் இறுதியில் தொடங்கிய கலாக்ஷேத்ரா நெசவும் அப்படித்தான். சேலை விற்றால் தறியும் அதன் கைத்திறனும் பிழைக்கின்றன. இத்தகைய விற்பனையை மிச்சத்தை மட்டும் வைத்து அளப்பது தவறு.

விற்பனை மேசை போட்டால் நன்கொடை குறைந்துவிடும் என்று தயங்கும் நிர்வாகிகளும் உண்டு. 1901இல் தொடங்கிய யூத தேசிய நிதி இரண்டையும் சேர்த்தே நடத்தியது. வீடுகளில் நீல உண்டியல் நன்கொடைக்கு. 1902 முதல் வெளியிட்ட, கடிதங்களில் ஒட்டும் முத்திரைகள் விற்பனைக்கு. டென்மார்க்கில் 1904இல் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியரின் யோசனையில் வந்த கிறிஸ்துமஸ் முத்திரையும், இந்தியாவில் 1950 முதல் விற்கப்படும் காசநோய் முத்திரையும் இதே வகை. இவை சின்னத் தாள்கள். அடக்கவிலை மிகக் குறைவு என்பதால் விலையில் பெரும்பகுதி நோக்கத்துக்கே போகும். டி-ஷர்ட்டை விட இவற்றில் மிச்சம் கூடுதலாக இருக்கக் காரணம் அதுதான்.

சென்னை மேசைகளிலும் விற்பனையையும் நன்கொடையையும் இப்படிச் சேர்த்தே நடத்தலாம்: விற்பனைக்கு ஒரு பில் புத்தகம், பக்கத்தில் உண்டியலோடு தனி நன்கொடை ரசீதுப் புத்தகம். பொருள் வேண்டாம், பணம் மட்டும் தருகிறேன் என்பவரின் பெயர், முகவரி, பான் எண்ணை அந்த ரசீதில் எழுதிக்கொண்டால், நிதியாண்டு முடிந்து மே 31க்குள் அவருக்கு நன்கொடைச் சான்றிதழ் தர முடியும்.